ஆலோசகரின் திறனை அளப்பது எவ்வாறு?

மனநலத் திட்ட அறிக்கைகளில் எத்தனை பேர் பயிற்சி பெற்றனர், எத்தனை பேர் ஆலோசனை பெற்றனர் என்னும் கணக்குகளைக் காண்கிறோம். அந்த ஆலோசனையின் தரம் எத்தகையது என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினர் மனநலக் கோளாறுகளால் பாதிக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிகிச்சை பெறாதவர்கள். இக்குறையை நீக்க ஆலோசகர்களைப் பெருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் திறனற்ற ஆலோசகர், ஆலோசகர் இல்லாமையைவிடத் தீங்கானவராகவும் அமையக்கூடும். தற்கொலை எண்ணத்துடன் வந்தவரிடம் அதுபற்றிக் கேட்கத் தயங்குபவர் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

பேச்சுவழிச் சிகிச்சை மூடிய அறைக்குள் இருவருக்கிடையே நிகழ்வது. எனவே பட்டத்தையும் பதிவையும் திறனுக்குச் சான்றாகக் கொள்வது நிர்வாகத்துக்கு எளிதாகிறது. இந்திய மறுவாழ்வுக் குழுச் சட்டம் (1992) மருத்துவ உளவியலாளரின் பதிவுக்கு வழிவகுத்தது. 2021ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழிலர் தேசிய ஆணையச் சட்டம் ஏனைய உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் தன் வரம்பினுள் கொணர்ந்தது. இவை தேவையானவையே. ஆயினும் பதிவேடு வாயிலைக் காக்குமேயன்றி, அறைக்குள் நடப்பதைக் காட்டாது.

எழுத்துத் தேர்வு அறிவை அளக்கும். அறிந்ததைச் செய்யவல்லாரா என்பது வேறு. நாள்தோறும் செய்கிறாரா என்பது பிறிதொன்று. இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்வதே நாம் செய்யும் பிழை.

இவ்வகையில் கோவா மாநில அனுபவம் கூர்ந்து நோக்கத்தக்கது. அங்குச் சங்கத் அமைப்பினர், மனநலத் துறையில் முன்பயிற்சி இல்லாத உள்ளூர்வாசிகளைக் கொண்டு ஆரம்பச் சுகாதார நிலையங்களில் மனச்சோர்வுக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள் வரையிலான சிகிச்சை அளித்தனர். 2017இல் வெளியான முடிவுகளின்படி, மூன்று மாத இறுதியில் இச்சிகிச்சை பெற்றோரில் 64 சதவீதத்தினர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தனர்; வழக்கமான கவனிப்பைச் சற்று மேம்படுத்திப் பெற்ற பிரிவில் இது 39 சதவீதமே. இதற்குத் துணைநின்றது ஒரு மேற்பார்வை முறை. அமர்வுகள் ஒலிப்பதிவு செய்யப்பட்டன. ஆலோசகர்கள் கூடி அவற்றைக் கேட்டு, ஓர் அளவுகோலின்படி ஒருவருக்கொருவர் மதிப்பெண் இட்டனர். அனுபவம் கூடியபின் சக ஆலோசகரின் மதிப்பீடு நிபுணரின் மதிப்பீட்டுக்கு நெருங்கியே நின்றது.

உண்மை நோயாளியின் பதிவைக் கேட்க அவரது இசைவு வேண்டும். மேலும் ஒருவருக்கு எளிய நோயாளியும் மற்றொருவருக்குக் கடினமானவரும் வாய்ப்பதால் ஒப்பீடு பொய்க்கும். நேபாளத்தில் உருவாகி 2015இல் வெளியான 18 கூறுகள் கொண்ட அளவுகோல் இதற்கு மாற்றுவழி காட்டிற்று. பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியாக நடிக்க, எல்லா ஆலோசகரும் ஒரே சூழலைச் சந்திக்கின்றனர். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பின்னர் இம்முறையை விரிவுபடுத்தின.

குணமானோர் விகிதத்தைக் கொண்டே ஆலோசகரை அளந்தால் என்ன என்று கேட்கலாம். அவ்விகிதத்தை ஊதியத்துடனோ பதவி உயர்வுடனோ இணைத்தால், கடினமான நோயாளி மெல்லத் தட்டிக்கழிக்கப்படுவார். இலக்குகளை வைத்து ஆண்ட எவருக்கும் இது புதிதன்று.

பதிவைக் கேட்கவும் மதிப்பெண் இட்டு விவாதிக்கவும் வாரந்தோறும் சில மணி நேரம் செலவாகும். அந்நேரத்தை ஆலோசகரின் பணிநேரமாகவே கணக்கிட்டு, மாவட்டத் திட்ட மதிப்பீட்டில் அதற்கெனத் தனித் தொகை ஒதுக்க வேண்டும்.