கொல்லை வேலிக்கு உழைக்கும் மரம்

வீட்டின் முகப்பு எவ்வளவு சிறப்பாக அமைந்திருப்பினும், கொல்லைப்புற வேலி உறுதியாயில்லாத குடித்தனக்காரர் நிம்மதியாக உறங்குவதில்லை. வாழையும் முருங்கையும் கத்தரியும், கோழிக்கூண்டும் கன்றுக்குட்டியும் அவ்வேலியை நம்பியே இருக்கின்றன. புதுச்சேரி நகரிலும், அதனைச் சூழ்ந்த வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம் கொம்யூன்களிலும் மனைக்கட்டு உடையோர் வேலிக்காகச் செலவிடும் பணம் சிறிதன்று. அப்பணத்தில் ஒரு பெரும் பங்கு வீணாகின்றது என்பது எமது கருத்து.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ந் தேதி தானே புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியபோதும், 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ந் தேதி பெஞ்சல் புயல் வந்து ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோதும், கொல்லை வேலிகள் பல வரிசையாகச் சாய்ந்தன. புயலின்மேல் பழி போடுதல் எளிது. ஆயினும், சாய்ந்த கால்களைக் கையிலெடுத்துப் பார்த்தவர்கள் வேறொன்றையும் கண்டிருப்பார்கள். அவற்றுட் பெரும்பாலானவை நடுவில் முறியவில்லை. தரை மட்டத்திற்கு நான்கு விரற்கடை மேலும் கீழுமாக மக்கியிருந்த இடத்திலேயே ஒடிந்தன. மேற்பகுதி நன்றாயிருந்தது, மண்ணுக்குள் ஆழத்தில் நின்ற நுனியும் அவ்வளவாகக் கெடவில்லை. காற்று வந்து தள்ளியது அன்றுதான். கால் செத்ததோ இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே.

இதன் காரணத்தை அறிந்துகொண்டால் மரம் தெரிந்தெடுக்கும் வழியும் தானே விளங்கும். மரத்தை மக்கச் செய்வது ஒருவகைப் பூஞ்சாளம். அது வாழ்வதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். தரைக்கு மேலே காற்றுண்டு, ஈரம் நிலைப்பதில்லை. ஆழத்திலே ஈரமுண்டு, காற்றுக் குறைவு. இரண்டும் கூடுமிடம் தரை மட்டமே. கிணற்றின் அடியில் இடும் நெல்லிமர வளையம் நீருக்குள் நெடுங்காலம் கிடப்பதும் இக்காரணம் பற்றியே. புதுவைக்கு அண்மையில் திருவக்கரையில் உள்ள கல்மரங்களை நமது வாசகர்களிற் பலர் கண்டிருக்கலாம். சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கைநூலறிஞர் 1781ஆம் ஆண்டில் அவற்றைக் குறித்து எழுதினார். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று மணலுள் காற்றுப் புகாது புதையுண்டமையால் மக்காமல் கல்லாயின அவை. நமக்கு அத்தனை காலம் வேண்டுவதில்லை. 20 ஆண்டுகள் நின்றாற் போதும்.

பூஞ்சாளத்தோடு கரையானும் சேர்ந்துகொள்ளும். கோரிமேட்டுப் பக்கத்துச் செம்மண்ணில் அதன் தொல்லை எவ்வளவென்பதைக் கூற வேண்டுவதில்லை. இவ்விரண்டையும் எதிர்த்து நிற்பது மரத்தின் வைரம் ஒன்றே. உயிருள்ள மரத்தில் நீரையும் உணவையும் சுமப்பது வெளிப்புறத்து வெள்ளை. நூல்கள் இதனை வெளிறு என்னும். அதில் மாவும் சர்க்கரையும் மிகுந்திருத்தலால் கரையானுக்கு அது விருந்து. வயது ஏறஏற உட்புறம் தொழில் ஓய்ந்து, பிசினும் துவர்ப்பும் கசப்புமாகிய பொருள்கள் படிந்து வைரமாகின்றது. அப்பொருள்களே பூச்சிக்கும் பூஞ்சாளத்திற்கும் நஞ்சு. ஆகவே, எந்த மரத்தின் வெள்ளையும், அது தேக்கே ஆயினும், மண்ணில் உழையாது.

தொல்காப்பியத்து மரபியல் உள்ளே காழ் உடையவற்றை மரம் என்றும், புறத்தே காழ் உடையவற்றைப் புல் என்றும் வகுத்திருக்கின்றது. இலக்கணச் செய்தியாகத் தோன்றும் இப்பாகுபாடு மரவாடிக்குச் செல்வோருக்கும் பயன்படுவதாகும். தேக்கு, வேம்பு, கருவேல் இவற்றில் நடுவைத் தேடுக. பனையிலும் மூங்கிலிலும் ஓரத்தைத் தேடுக.

மரம் கடினமாயும் கனமாயும் இருந்தால் நெடுநாள் உழைக்கும் என்று எண்ணுவது பெருந்தவறு. சவுக்கு ஒரு கன மீட்டர் 800 கிலோவுக்கு மேல் நிறுக்கும். தேக்கு ஏறத்தாழ 650 கிலோதான். ஆணி அடித்தால் சவுக்கில் ஆணி வளையும். எனினும், நமது கடற்கரை மணலில் பச்சையாக நட்ட சவுக்குக்கால் இரண்டு மூன்று மழைக்காலத்தில் மக்கிப்போவதைக் காண்கிறோம். ஒதி பெருத்து உத்திரமாகுமா என்பது பழமொழி. பருமன் மட்டுமன்று, பாரமும் நம்பத்தக்க அடையாளமன்று.

டேராடூனில் 1906ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற வன ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கென ஓர் எளிய சோதனை நடத்தி வந்தனர். இரண்டடி நீளமும் இரண்டங்குலச் சதுரமும் உள்ள வைரக்கட்டைகளைப் பாதி மண்ணிலும் பாதி வெளியிலுமாக நட்டு, அவை கெடும் நாளைக் கணக்கிடுவர். இடுகாட்டுச் சோதனை என்பது இதன் பெயர். கட்டைகள் வரிசையாக நிற்கும் தோற்றத்தால் வந்த பெயர் போலும். சராசரி 120 மாதமும் அதற்கு மேலும் நிற்பது முதல் தரம். 60 முதல் 120 மாதம் வரை இரண்டாம் தரம். 60 மாதத்திற்குக் குறைந்தது மூன்றாம் தரம். தேக்கு, வேங்கை, சால், இருள் ஆகியவை முதல் தரத்தன. மாவும் இலவும் மூன்றாம் தரத்தன. நான்கங்குலக் கால் இச்சிறு கட்டையைவிட நீடித்து நிற்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி, நம்மவர் மிகுதியாக ஏமாறும் இடத்தைக் கூறுவோம். "தேக்கு" என்ற பெயருக்கே பணம் கொடுக்கின்றனர். தோப்பை நெருக்கம் குறைக்கும்போது வெட்டப்படும் எட்டு, பத்து ஆண்டுத் தேக்கங்கழிகள் மலிவாக வருகின்றன. இவற்றின் அடிவெட்டைப் பார்த்தால் நடுவில் ஒரு ரூபாய்க் காசளவே நிறம் மாறியிருக்கும், மற்றதெல்லாம் வெள்ளை. எமக்குத் தெரிந்த மிராசுதாரர் ஒருவர் இத்தகைய கழிகளை நாற்பது கால்களாக நட்டுச் சாயமும் பூசினார். நான்காம் ஆண்டில் சாயம் மட்டுமே குழல்போல் நின்றது. உள்ளே கரையான் மண். அதே பணத்திற்குப் பதினைந்து வைரக் கால்கள் வாங்கி, இடையே கம்பி இழுத்திருந்தால் வேலி இன்றும் நின்றிருக்கும். குழி தோண்டும் கூலி கெட்ட காலுக்கும் நல்ல காலுக்கும் ஒன்றே.

அண்டையில் கிடைப்பவற்றுள் முதலில் பார்க்கத்தக்கவை கருவேலும் பூவரசும் முதிர்ந்த வேம்பும். கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்திற்கும் கருவேலை நம் முன்னோர் தெரிந்தெடுத்தது காரணமின்றியன்று. சீமைக்கருவேல் நிலத்திற்குப் பகை என்று யாவரும் வெட்டி எறிகின்றனர். ஆனால் தொடைப் பருமனான பழைய மரத்தின் செந்நிற வைரம் மண்ணில் நன்கு உழைப்பது. நேரான ஆறடிக் கட்டை கிடைப்பதுதான் அரிது. வளைந்த கால் கொல்லைக்கு ஆகாது என்று விதியில்லை.

பனையைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறல் வேண்டும். முதிர்ந்த பனையின் அடிப்பாகத்தில், புறத்தே இரண்டங்குல அளவிற்குக் கருநார் செறிந்த வைரம் உண்டு. உள்ளிருப்பது வெறுஞ் சோறு. தச்சரிடம் கொடுத்து நான்காகப் பிளந்து, சோற்றை முழுதும் செதுக்கி எறிந்துவிட்டு நட வேண்டும். சோம்பலால் சோற்றோடு நட்டால் கரையான் அவ்வழியே ஏறும். நுனிப்பாகமும் இளம்பனையும் காலுக்கு உதவா. அன்றியும், வேலிக்கென்று நிற்கும் பனையை வெட்டுவது எமக்கு உடன்பாடன்று. தமிழ்நாட்டில் பனை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டுமென்று 2021ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. புயலில் சாய்ந்ததையும், பழைய வீட்டுக் கூரையிலிருந்து இறங்கியதையும் உபயோகிக்கலாம்.

பழைய வீடுகளைச் சொன்னமையால் மற்றொன்று. புதுவை நகரத்து மெட்ராஸ் ஒட்டு வீடுகள் இடிபடுவது வருத்தத்திற்குரியதே. எனினும், இடிந்தபின் அவற்றின் தேக்கு உத்திரங்களும் குறுக்குக் கட்டைகளும் பழைய மரவாடிகளுக்கு வருகின்றன. நாள்பட்ட காட்டு மரத்தின் வைரம் அவற்றில் பெரும்பாலும் நிரம்பியிருக்கும். காய்ந்து முறுக்கம் தீர்ந்தவையுமாம். இதைவிடச் சிறந்த வேலிக்கால் புதிதாகக் கிடைப்பது அரிது என்போம். சுவருக்குள் புதைந்திருந்த முனையை மட்டும் ஓரடி அறுத்துத் தள்ளுக. அது சுவரின் ஈரம் பட்ட இடம்.

கடல் கடந்து வருவனவற்றுள் பர்மாவின் பிங்கோடா, நமது மேற்கு மலைகளில் வளரும் இருளின் இனமே. வன்மையும் உழைப்பும் மிக்கது. துளையிடாமல் ஆணி இறங்காது. சால் என்ற பெயரில் விற்பவற்றுள் மலேசிய நாட்டு வேறு மரங்களும் உண்டு. ஆதலால் பெயரைக் கேட்டு நில்லாமல் கட்டையைப் பார்க்க வேண்டும்.

பார்ப்பது எங்ஙனம்? அறுத்த முனையை ஈரத்துணியால் துடைத்தால் வெள்ளையும் வைரமும் நிறத்தால் பிரிந்து தோன்றும். நாற்புறமும் வைரமாயுள்ள கட்டை சிறந்தது. ஒரு மூலையில் வெள்ளை இருப்பின் அதைச் செதுக்கியபின் மிஞ்சும் கனத்திற்கே விலை பேசுக. முனையில் எண்ணெயோ சாயமோ பூசி வைத்திருந்தால், ஓர் அங்குலம் அறுத்துக் காட்டும்படி கேட்பதில் வெட்கம் வேண்டாம். வெள்ளையில் குண்டூசித் துளைகளும் மாவு போன்ற தூளும் காணப்பட்டால் வண்டு புகுந்ததென்று அறிக.

கால் ஏழடி, அதில் இரண்டடி மண்ணுள். நான்கங்குலச் சதுரம் போதுமானது. குழியின் அடியில் ஒரு சாண் கூழாங்கல் இட்டு அதன்மேல் காலை நிறுத்துக. பலர் காலைச் சுற்றிச் சிமெண்டுக் கலவையைக் கிண்ணம்போல் வார்த்துவிடுகின்றனர். மரம் சுருங்கியதும் இடையில் நீர் தங்கி, காக்க நினைத்த கலவையே கெடுக்கும். வார்ப்பதாயின் தரைக்கு மேல் இரண்டங்குலம் உயர்த்தி, நீர் வெளியே ஓடும்படி சரித்து விடுக. காலின் தலையையும் சரிவாக வெட்டுக. அடியைக் கருக்கி நடும் வழக்கம் நெடுநாளையது. கருகிய தோல் வெடித்து ஈரம் உள்ளே செல்வதால் அதன் பயன் மிகச் சொற்பம். குறுக்குச் சட்டங்கள் மண்ணைத் தொடலாகாது. கடற்காற்று வீசும் ஊர்களில் சாதாரண ஆணி விரைவில் துருப்பிடிக்கும். துத்தநாகம் பூசியதையே வாங்குக.

வைரமரம் வாங்க இயலாதவர் சவுக்கை நாடவே வேண்டியிருக்கும். அவர்கள் அதற்கு மருந்தேற்றி நடுவது நலம். உயிர்ச்சாறு ஓடும் வழியிலேயே மயில்துத்தக் கரைசலைச் செலுத்தும் முறையை 1830களில் பூஷ்ரி என்ற பிரெஞ்சு வைத்தியர் கண்டறிந்தார். வெட்டிய அன்றே கழியின் அடியைக் கரைசலில் நிறுத்தினால், மேலே ஈரம் உலர உலர மருந்து ஏறும். இரும்புப் பீப்பாய் கூடாது, துத்தம் அதை அரிக்கும்; பிளாஸ்டிக் பீப்பாயே தக்கது. துத்தம் மட்டும் மழையில் கரைந்து போகும் குறையை நீக்க, டேராடூனில் பணியாற்றிய காமேசம் என்ற இந்திய விஞ்ஞானி 1930களில் செம்பு, குரோமியம், பாஷாணம் சேர்ந்த மருந்தை அமைத்தார். உலகெங்கும் பரவிய அம்மருந்து, பாஷாணம் காரணமாக அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் முடிவோடு வீட்டு உபயோகத்திற்கு நிறுத்தப்பட்டது. ஆகவே, அது ஏற்றிய கம்பங்களைக் கீரைப்பாத்திக்கும் கிணற்றுக்கும் அருகில் நடவேண்டாம். கழிந்த துண்டுகளை அடுப்பில் எரிக்கவே கூடாது.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு வார்த்தை. நமது பிரதேசத்தில் காடு மிகக் குறைவாதலால் மரம் பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகின்றது. தமிழ்நாட்டில் 1968ஆம் ஆண்டு முதல் மரப் போக்குவரத்து விதிகள் உள்ளன. தேக்கு முதலியவற்றை வாங்குவோர் வனத்துறைச் சீட்டையும் கடைப் பற்றுச்சீட்டையும் கேட்டுப் பெறும்படி குடிகளுக்கு எடுத்துரைப்பது நலம். மலிவென்று எவரேனும் செம்மரக் கட்டையைக் காட்டினால் அதன் பக்கமே போகலாகாது.

நட்ட வேலியை ஆண்டுக்கு ஒரு முறை, மழை ஓய்ந்த தை மாதத்தில், சோதித்தல் வேண்டும். ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு சாண் மண்ணை விலக்கிச் சிறு கத்தியால் குத்திப் பார்க்குக. அரை அங்குலத்திற்கு மேல் எளிதில் இறங்கினால் அக்காலின் பக்கத்தில் ஒரு வைரத்துண்டை ஊன்றி, இரண்டு மரையாணிகளால் இணைத்துவிடுக. மேற்பகுதி இன்னும் பல ஆண்டுகளுக்கு உதவும்.