செல்ஃப் எடுக்கவில்லை என்றால் உடனே பேட்டரி போச்சா?

டெல்டாவில் எந்த ஊர் டீக்கடையிலும் இந்தத் தீர்ப்பைக் கேட்கலாம்: "டிராக்டர் செல்ஃப் எடுக்கலையா? பேட்டரி போச்சு, மாத்திரு." சொல்கிறவர் வண்டியைப் பார்த்திருக்க மாட்டார். சாவியைத் திருப்பினால் என்ன சத்தம் வருகிறது என்றுகூடக் கேட்டிருக்க மாட்டார். சேற்றுழவுக்கு ஆள் காத்திருக்கும் அவசரத்தில் வண்டிக்காரரும் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புது பேட்டரி வாங்கி மாட்டிவிடுகிறார். கொஞ்ச நாள் ஓடும். மறுபடியும் அதே 'டக்'. உடனே, "இப்பல்லாம் கம்பெனி பேட்டரியே சரியில்லை" என்று பழி இடம் மாறுகிறது. உயிருள்ள பேட்டரிகள் பழைய ஈயத்தின் விலைக்குப் போவதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

"புது பேட்டரி போட்டதும் ஸ்டார்ட் ஆச்சே!" என்பார்கள். ஆகாமல் என்ன செய்யும்? மாட்டும்போது டெர்மினலில் பூத்திருந்த வெள்ளையையும் பச்சையையும் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, போல்ட்டை இறுக்கினீர்கள் அல்லவா? வண்டியை எழுப்பியது பெரும்பாலும் அந்த உப்புத்தாள்தான். பழைய பேட்டரிக்கே அதைச் செய்திருந்தால் பணம் மிஞ்சியிருக்கும்.

இதற்குள் இருப்பது பள்ளிக்கூடக் கணக்கு. டீசல் எஞ்சினைச் சுற்றும்போது செல்ஃப் மோட்டார் 200, 300 ஆம்பியர் இழுக்கும்; அசையத் தொடங்கும் கணத்தில் அதற்கும் மேல். வழியில் எங்கோ ஒரு இணைப்பில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 200 ஆம்பியர் ஓடினால் அந்த இடமே 2 வோல்ட்டை விழுங்கிவிடும். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் மோட்டாருக்குப் போய்ச் சேருவது எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். விழுங்கிய 2 வோல்ட், 400 வாட் சூடாக அதே இணைப்பில் வெளிவரும். செல்ஃப் அடித்துப் பார்த்த கையோடு டெர்மினல்களையும் கேபிள் முனைகளையும் தொட்டுப் பார்த்தால், சுடுகிற இடம்தான் கோளாறு. இதற்குக் கருவிகூட வேண்டாம்.

"ஹார்ன் அடிக்குது, லைட் எரியுது, அப்ப லைன் எல்லாம் சரிதானே?" இது அடுத்த வாதம். ஹார்னுக்கும் விளக்குக்கும் வேண்டியது சில ஆம்பியர்தான். ஹோஸ் பைப்பைக் காலால் மிதித்திருக்கும்போதும் குடம் நிறையும், வயல் பாயாது. சின்ன வேலைக்குப் போதுகிற இணைப்பு செல்ஃபுக்குப் போதாது.

இதில் யாரும் கண்டுகொள்ளாதது எர்த். பிளஸ் கேபிளை எல்லோரும் பார்க்கிறார்கள். மைனஸிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகிற பட்டையை எவரும் குனிந்து பார்ப்பதில்லை. போன மின்சாரம் அத்தனையும் அந்த வழியாகத்தானே திரும்ப வேண்டும்? சேறும் தண்ணீரும் அதன் மேல்தான் தெறிக்கின்றன. பொட்டாஷ் மூட்டையிலிருந்து கொட்டுகிற உப்பும் அங்கேதான் சேர்கிறது. போதாததற்கு ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, எர்த் போல்ட்டைக் கழற்றிவிட்டு எல்லா இடத்திலும் பெயின்ட் அடித்து, அதன் மேலேயே பட்டையை வைத்து முடுக்குகிறார்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. புதுப் பெயின்டோடு வாங்கிய பழைய வண்டி சண்டித்தனம் செய்தால் நான் முதலில் கழற்றுவது இந்த போல்ட்டைத்தான். இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி, இறுக்கி, அதற்குப் பிறகு மேலே கிரீஸ் பூசினால் போதும்.

சந்தேகம் தீரவில்லையா? மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கியர் நியூட்ரல், கைபிரேக் போட்டாயிற்று, எஞ்சின் பற்றிக்கொள்ளாதபடி ஸ்டாப் நாபும் இழுத்தாயிற்று என்று உறுதி செய்துகொண்டு, சீட்டில் ஒருவர் உட்கார்ந்து செல்ஃப் அடிக்கட்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் ஈயக் குமிழிலும் மற்றதை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வையுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. ஒரு வோல்ட் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. அடுத்து பிளஸ் குமிழிலிருந்து செல்ஃப் மோட்டாரின் போல்ட் வரை பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. கிளாம்பில் வைக்காதீர்கள், குமிழில் வையுங்கள். குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவில்தான் பாதித் திருட்டு நடக்கிறது. கேபிளையும் கவனியுங்கள். ஒல்லியாக 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியைப் போட்டிருந்தால், 300 ஆம்பியரில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.3 வோல்ட் அதிலேயே போய்விடும்.

இரண்டும் சரியாக இருந்து, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் இரண்டு குமிழுக்கும் நடுவே 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், அப்போது பேட்டரியைச் சந்தேகப்படலாம். அப்போதும் முழுதாக சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் சும்மா வைத்து அளந்து பாருங்கள். 12.6 இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். நிறைந்த பேட்டரியும் தள்ளாடினால் கடையில் லோடு டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அதில் தேறிவிட்டால் மோட்டாரைக் கழற்றுங்கள். புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசினால் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கும். எஞ்சின் சூடான பிறகு மட்டும் செல்ஃப் திணறுகிற வண்டிகளில் இதையும் பார்த்துவிட வேண்டும்.

சத்தத்தையும் கேட்கப் பழகுங்கள். 'டகடகடக' என்று தொடர்ந்து அடித்தால் சோலனாய்டுக்குப் பிடித்து வைக்க வோல்ட் போதவில்லை: தளர்ந்த இணைப்பு, இல்லாவிட்டால் சார்ஜ் இறங்கிய பேட்டரி. ஒரே 'டக்'கோடு அமைதியானால் சோலனாய்டின் உள்ளே செம்புத் தகடு கருகியிருக்கலாம், அல்லது கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மோட்டார் மட்டும் 'விர்ர்' என்று சுற்றி எஞ்சின் அசையாவிட்டால் பினியனையோ ஃபிளைவீல் பல்லையோ பாருங்கள். மூன்று சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது ஏறக்குறைய அதே மூன்று இடங்களில்தான் வந்து நிற்கும். பல் தேய்வதும் அங்கேதான். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிட்டு டீசல் லைனில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் செலவழிக்கத் தேவையில்லை. சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குப் பொருந்தாது. ஜூன் 12 மேட்டூர்த் தண்ணீரை எதிர்பார்த்துக் கோடை முழுக்க ஓட்டாமல் விட்டால் எங்கே வைத்தாலும் இறங்கும். வெயிலில் இன்னும் சீக்கிரம். மட்டம் குறைந்தால் ஆசிட் ஊற்றுவது கொலை. ஆவியாவது தண்ணீர்தான், டிஸ்டில்டு வாட்டர் மட்டும் விடுங்கள், போர் தண்ணீர் வேண்டாம். பெரிய பேட்டரி போட்டால் செல்ஃப் எரிந்துவிடும் என்பதும் பொய். வோல்ட் ஒன்றாக இருக்கும்வரை மோட்டார் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். வண்டி ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி ஆல்டர்நேட்டரைச் சோதிக்கிற வீரர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கணத்தில் வோல்ட் பல மடங்கு எகிறி டையோடையும் ரெகுலேட்டரையும் சேர்த்தே கொண்டுபோகும். வண்டி ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் என்னால் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. தரையில் நின்றபடி திருப்புளியால் சோலனாய்டின் இரண்டு போல்ட்டையும் சேர்த்து ஷார்ட் செய்து வண்டியைக் கிளப்புவதைக் கைத்திறமை என்று நினைக்கிறார்கள். அப்படிச் செய்யும்போது, கியர் விழுந்திருந்தால் செல்ஃபைத் தடுக்கிற நியூட்ரல் சுவிட்ச் கணக்கிலேயே வருவதில்லை. கியர் விழுந்திருந்தால் டீசல் எஞ்சின் பிடித்த மாத்திரத்தில் வண்டி நகரும். நிற்கிற இடமோ முன் சக்கரத்துக்கும் பெரிய சக்கரத்துக்கும் நடுவில். விலக நேரம் கிடைக்காது. டிராக்டர் ஏறி ஆள் சாவதற்கு உலகம் முழுக்கத் தெரிந்த காரணங்களில் இதுவும் ஒன்று. நம் பழைய வண்டிகளில் அந்தச் சுவிட்ச் "தொல்லை கொடுக்குது" என்று எப்போதோ ஒயரை முறுக்கி நேராக்கி விட்டிருப்பார்கள். அதனால் சாவியால் கிளப்பும்போதும் காவல் கிடையாது. உங்கள் வண்டியில் கியரைப் போட்டு, கிளட்சை முழுக்க மிதித்தபடி, ஸ்டாப் நாபை இழுத்துவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். செல்ஃப் சுற்றினால், சில மாடல்களில் சுவிட்ச் கிளட்சோடு இணைந்தே வரும் என்பதால், உங்கள் மாடலில் அது கியரிலா கிளட்சிலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுவிட்ச் கியரில் இருக்க வேண்டிய வண்டியில் செல்ஃப் சுற்றினால் அது செத்திருக்கிறது. அடுத்த முறை எலக்ட்ரீஷியனிடம் போகும்போது முதல் வேலையாக அதை மாட்டச் சொல்லுங்கள், பேட்டரியைப் பற்றி அப்புறம் பேசலாம்.