இயர்போன் கம்பியும் இணைப்பும்

திருவள்ளுவனார் கேள்விக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தனர். எம் வகுப்புத் தோழர் ஒருவர்க்குக் கண்ணொளி இன்மையின், அக்கேள்வியே கல்வியாயிற்று. யாம் படித்துக்கொடுக்கும் இலக்கண உரைகளைக் கைப்பேசியிற் பதிந்து, இயர்போன் வாயிலாகப் பன்முறை கேட்டே அவர் தேர்வுக்கு ஆயத்தமாவர். சென்ற தேர்வுக்கு முதல்நாள் அவர்தம் பழைய கைப்பேசி பழுதுற்றது. பதிவுகளடங்கிய மெமரி கார்டு மட்டும் தப்பியது. புதிய கைப்பேசியிலோ இயர்போன் செருகும் வட்டத்துளை இல்லை. டைப்-சி துளை ஒன்றே உண்டு. யான் விருதுநகர்க் கடைத்தெருவுக்கு விரைந்து, கன்வெர்ட்டர் என வழங்கும் சிறு கம்பியொன்றை வாங்கி வந்தேன். செருகினோம், ஒலி எழவில்லை. அன்றிரவு இருவர் மாறிமாறிப் படித்துக்காட்டியும் பாதிப் பாடமே முடிந்தது. என் பிழை யாதென ஆராயப் புகுந்தேன்.

கைப்பேசியில் ஒலி எண்களாகவே உறைகின்றது. செவிக்கு வேண்டுவதோ மின்னலை. எண்ணை அலையாக மாற்றும் சில்லுக்கு டி.ஏ.சி. என்று பெயர். சில கைப்பேசிகள் மாற்றிய அலையையே டைப்-சி துளைவழி வெளிவிடும். அவற்றுக்கு வெறுங்கம்பி போதும். ஏனையவை எண்களை மட்டுமே ஈயும். அவற்றுக்குச் சில்லுள்ள கன்வெர்ட்டர் வேண்டும். புறத்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. யான் வாங்கியது வெறுங்கம்பி.

இனி, 3.5 மில்லிமீட்டர்ப் பின்னை நோக்குக. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொலைபேசி நிலையங்களில் வழங்கிய 6.35 மில்லிமீட்டர்ப் பின்னின் பேரப்பிள்ளை அது. அதன்கண் கருவளையம் இரண்டாயின் இடம், வலம், பொது என மூன்று தொடர்புகள். மூன்றாயின் ஒலிவாங்கிக்கு நான்காவதும் உண்டு. இந்நான்கனுள் பொதுவும் ஒலிவாங்கியும் இடம் மாறி அமைந்த இருமுறைகள் உள. முறை பொருந்தாவிடின், பாட்டின் பக்கவாத்தியம் கேட்கும். நடுநின்ற பாடகர் குரல் தேய்ந்து மறையும். பாடம் கேட்பார்க்கு இது பெருங்கேடு.

பொன், வெள்ளி என்று விலையேற்றுவாரும் உளர். பொன்முலாம் முனை கறுக்காமற் காக்கும், அவ்வளவே. வெள்ளி செம்பினும் நூற்றுக்கு ஆறளவே நன்கு மின் கடத்துவது. கடத்தும் பரப்பு 0.1 சதுர மில்லிமீட்டர் கொண்ட 1.2 மீட்டர்ச் செம்புக்கம்பியின் தடை, போக்குவரத்து இரண்டும் சேர, ஏறத்தாழ 0.4 ஓம். இயர்போனின் தடையோ 16 அல்லது 32 ஓம். வெள்ளியால் குறைவது 0.02 ஓம், அதனைச் செவி உணருமோ? அட்டைப்பெட்டியின் வண்ணத்தில் மயங்குதல், அச்சுத்தொழிலிற் பேர்போன சிவகாசியை அயலிற்கொண்ட நமக்கு அழகன்று! பெட்டி அடிப்பது எத்துணை எளிதென அறிவோமன்றோ? கம்பி அறுவது பின்னின் கழுத்திலேயே. ஆங்கு வளைந்துகொடுக்கும் தடித்த உறை உளதா என்று காண்க. சட்டைப்பைக்கு வளைந்த பின் நன்று.

கையடக்க வானொலியில் இக்கம்பியே வானலை வாங்கியுமாம். கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸ், அதன் அலைநீளத்திற் காற்பங்கு 75 செண்டிமீட்டர். ஆதலின் கம்பியைச் சுருட்டி வைத்துக் கேளற்க.

மறுமுறை தோழரையும் அவர்தம் கைப்பேசியையும் இயர்போனையும் உடன்கொண்டு சென்றேன். சில்லுள்ளதே வேண்டுமெனக் கேட்டு வாங்கி, கடையிலேயே செருகினோம். நன்னூல் நூற்பா ஒன்றை உரையோடு முழுதும் கேட்ட பின்னரே அவர் பணத்தை எடுத்தார்.