வண்டைக் காயவைக்கும் மண்



"மெக்கானிக்கலும் சிவிலும் படிக்கிற நமக்கு வண்டு பத்தி என்னப்பா பாடம்?" என்று கேட்டுவிடாதீர்கள். மாதச் சாமானில் வாங்கி வைத்த பச்சைப்பயறு, நாலு நாள் மழை பெய்தால் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்து கிடப்பதை வண்ணாரப்பேட்டையில் பார்க்காத வீடு இல்லை. அந்தப் பயறு வண்டை விஷம் இல்லாமல், வெறும் மண் தூளாலேயே தடுக்கலாம். ஆனால் அந்தத் தூள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் பலன் கிடைக்கும்.

செம்மண் கட்டிய துவரை

நம் கிராமங்களில் துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டி, வெயிலில் காயவைத்துச் சேமிப்பது பழைய வழக்கம். பயறு வண்டு தன் முட்டையைப் பயறின் மேல்தோலில் ஒட்டி வைக்கும். பொரிக்கும் புழு அங்கிருந்தே நேராக உள்ளே துளைத்துப் போகும். மண் பூச்சு அந்தத் தோலை மறைத்துவிடுகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்!

மைசூர் ஆராய்ச்சி

மைசூரில் 1950-ல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் மஜும்தார், நரசிம்மன், சுப்ரமணியன் ஆகியோர், பதப்படுத்திய கரியும் களிமண்ணும் பூச்சிகளைக் கொல்வது பற்றி 1959-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பீங்கான் செய்யப் பயன்படும் வெள்ளைக் களிமண்ணுக்கு (கயோலின்) அமிலமும் சூடும் கொடுத்தால், அதன் உறிஞ்சும் சக்தி கூடுகிறது. 100 கிலோ பயறுக்கு இந்தத் தூள் 1 கிலோ என்பது தமிழ்நாட்டில் விவசாயிகளுக்குச் சொல்லப்படும் அளவு.

எப்படிக் கொல்கிறது?

பூச்சியின் உடம்பின் மேல் மெல்லிய மெழுகுப் படலம் இருக்கிறது. உடம்பில் உள்ள தண்ணீர் வெளியே போகாமல் காப்பது அதுதான். நுண்ணிய தூள் அந்த மெழுகை உறிஞ்சுகிறது, சுரண்டவும் செய்கிறது. மெழுகு போனால் தண்ணீரும் போகும். வண்டு காய்ந்து சாகும். ஆக, இது விஷ வைத்தியம் அல்ல, உலர்த்தும் வைத்தியம்!

நம்ம ஏரியாவுக்கு உள்ள சிக்கல்

இங்கேதான் கவனிக்க வேண்டும். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எல்லாமே கடலோரம். காற்றில் ஈரம் அதிகம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் இருந்தால், திறந்து வைத்த தானியம் சுமார் 14 சதவீத ஈரத்துக்கு வந்துவிடும். அந்த ஈரத்தில் தூளும் நமுத்துப் போகும், வண்டும் லேசில் காயாது. எனவே முதலில் தானியத்தைக் காயவைக்க வேண்டும். பயறு என்றால் 10 சதவீதத்துக்குக் கீழே. அப்புறம் காற்றுப் புகாத டப்பாவில் மூட வேண்டும். ஏற்கனவே பயறுக்குள் புகுந்துவிட்ட புழுவைத் தூள் எட்டாது. அதற்கும் நல்ல வெயில்தான் மருந்து.

ஈரத்தை அளக்க நம் லேபில் ஓவன் இருக்கிறதே! 100 கிராம் பயறு காய்ந்து 88 கிராம் ஆனால் ஈரம் 12 சதவீதம். சிவில் நண்பர்கள் ஜாக்கிரதை! மண் சோதனையில் காய்ந்த எடையால் வகுப்போம். அப்படிப் போட்டால் 13.6 வரும். தானியத்துக்கு ஈர எடையால்தான் வகுக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

1. அனல்மின் நிலையச் சாம்பல்: "அதிலும் சிலிக்காதானே இருக்கு, நம்ம ஊரில் சும்மாவே கிடைக்குதே" என்று தோன்றும். எண்ணூர் நிலையம் 2017-ல் மூடப்பட்டாலும் சாம்பலுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் அதில் ஆர்சனிக், ஈயம் போன்ற நச்சுப் பொருள்களும் உண்டு. சாப்பிடும் தானியத்தில் கலக்கவே கூடாது.

2. போரிக் பவுடர்: இதுவும் வெள்ளைத் தூள்தான். ஆனால் வயிற்றுக்குள் போனால் விஷம்.

3. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை: குடோன்களில் பயிற்சி பெற்றவர்கள் மட்டும் கையாள வேண்டியது. இதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு, மூடிய அறையில் தூங்கும் மனிதரையும் கொல்லும். யார் கொடுத்தாலும் வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள்!

4. தூள் கலக்கும்போது மூக்கில் துணி கட்டாமல் இருப்பது. வண்டுக்கு ஆகாத தூசி நம் நுரையீரலுக்கும் ஆகாது.

தூள் கலந்த தானியத்தைச் சலித்து, நன்றாகக் கழுவிய பிறகே சமைக்க வேண்டும். பெரிய கிடங்குகளில் இந்த முறை அதிகம் பரவாததற்கும் காரணம் உண்டு. தூள் ஒட்டிய தானியம் குழாயில் சரளமாக ஓடாது, மெஷின் பாகங்களைத் தேய்க்கும், படியில் அளந்தால் எடை குறைந்து நிற்கும். சுத்தமாகத் தூவி, சுத்தமாகவே பிரித்தெடுக்கும் ஓர் எளிய இயந்திரம் செய்தால் என்ன? இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு தேடும் நண்பர்களே, வண்டு காத்திருக்கிறது!



— மூன்றாம் ஆண்டு மாணவர், இயந்திரவியல் பிரிவு