கணவாய்க்கு மேற்கே கிடை: நாஞ்சில் வயலில் மந்தையோடு தங்குவது எப்படி?

வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் மாசி பிறக்கும்போதே ஆட்டுக்குத் தீனி குறைந்துவிடும். அதே மாசியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு மேற்கே, நாஞ்சில் நாட்டின் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களில், கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல் அறுவடை முடிந்து வயல் திறந்து கிடக்கும். கிழக்கே மந்தை இருக்கிறது, மேய்ச்சல் இல்லை. மேற்கே தாளும் வரப்புப் புல்லும் இருக்கின்றன, எருவுக்கு ஆள் தேடுகிறார்கள். அறுத்த வயலில் ராத்திரி மந்தையை அடைத்துக் கிடை மறித்தால் இரண்டு பக்கத் தேவையும் தீரும். முதல்முறையாக மந்தையை மேற்கே கொண்டுவர நினைக்கும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். வயல்காரர்களுக்கும் நடுவில் சில வார்த்தைகள் உண்டு.

கரிசலிலும் தேரியிலும் ஆடு மேய்த்தவர்களுக்குப் பஞ்சத்தைச் சமாளிக்கத் தெரியும். நாஞ்சில் நாட்டில் பயப்பட வேண்டியது செழிப்புக்கு. சிந்திய நெல், குளத்தங்கரை நத்தை, மரச்சீனி (மரவள்ளி) இலை, மருந்தடித்த வரப்பு என்று ஆட்டைக் கொல்லும் எல்லாமே இங்கே பச்சையாகவும் ஈரமாகவும்தான் இருக்கின்றன. கீழே சொல்லும் வேலைகளில் பாதி, ஆட்டுக்குத் தீனி தேடும் வேலையே இல்லை. கண்ணில் படும் தீனியிலிருந்து ஆட்டைத் தள்ளி நிறுத்தும் வேலை.

எப்போது வருவது

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் பாசனத் தண்ணீர் வழக்கமாக ஜூன் 1-இல் திறந்து பிப்ரவரிக் கடைசியில் அடைபடும். கால்வாய் நின்று, அறுவடை முடிந்து, குளம்பு புதையாத அளவுக்கு வயல் காய்ந்த பிறகு வாருங்கள். அறுவடை இயந்திரத்தின் சக்கரத் தடங்களில் தண்ணீர் நிற்கும் வயலுக்கு ஒரு வாரம் பொறுத்தால் நல்லது. மாசிக் கடைசியிலிருந்து வைகாசி தொடக்கம் வரை உங்கள் காலம். கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் அறுவடைக்குப் பின்னும் ஓர் இடைவெளி உண்டு; அதற்கு ஆசைப்பட வேண்டாம். அடுத்த நடவுக்கு வயலில் உடனே தண்ணீர் கட்டிவிடுவார்கள், ஐப்பசி மழையும் பிடித்துக்கொள்ளும்.

புறப்படும் முன்

துள்ளுமாரித் தடுப்பூசியைக் கிளம்புவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே போட்டுவிடுங்கள். ஊசி போட்ட மறுநாளே உடம்பில் எதிர்ப்பு வந்துவிடாது. அறுத்த வயலில் நெல் பொறுக்கும் ஆட்டுக்குத்தான் இந்த நோய் வேகமாக வரும் என்பதால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. ஆட்டுக்கொல்லி நோய்க்குப் போட்ட ஊசி மூன்று வருடம் தாங்கும். போன தடவை எப்போது போட்டது என்று பாருங்கள். கோமாரி ஊசியையும் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். நாலைந்து ஆட்டின் புழுக்கையை எடுத்துப்போய்க் கொடுத்தால் என்ன புழு இருக்கிறது என்று பார்த்து மருந்து தருவார்கள். சினை ஆடு இருந்தால் அதைச் சொல்லியே மருந்து வாங்க வேண்டும். சில குடற்புழு மருந்துகள் இளஞ்சினைக்கு ஆகாது. நொண்டுவதையும் நாலைந்து நாளில் ஈனப்போவதையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நடத்திக் கூட்டிவருவதானால் காவல்கிணறு–நாகர்கோவில் சாலையை விடியலிலேயே கடந்துவிடப் பாருங்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், இருவருக்கும் வெளிச்சம் பட்டால் மின்னும் சட்டை. பணகுடி முதல் தோவாளை வரை இருப்புப்பாதையும் கூடவே ஓடுகிறது. அதன் ஓரத்தில் புல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மேய்க்காதீர்கள். வண்டியில் ஏற்றினால் குட்டிகளைத் தனியாகத் தடுத்து, வெயில் ஏறுமுன் இறக்கி, முதலில் தண்ணீர், பிறகு காய்ந்த தீவனம், அதன் பிறகே வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வயல்காரரிடம் பேசுவது

ஆட்டை ஓட்டி வருவதற்கு முன்பே, தனியாக வந்து பேச்சை முடித்துவிட வேண்டும். தலைக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு, வயலுக்கு மொத்தமாக இவ்வளவு என்று மூன்று விதமாகவும் கிடைக்கூலி பேசுவார்கள். எது என்றாலும் ராத்திரிக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு உண்டா, மோட்டார்த் தண்ணீர் உண்டா, ஆடு ஈன்றால் ஓரிரு நாள் கூடுதலாக இருக்கலாமா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

கூலியைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. "அண்ணாச்சி, இந்த வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் கடைசியா என்ன மருந்து அடிச்சீங்க, எலிக்கு மருந்து வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட வேண்டும். நெல் வயலில் எலிக்கு வைக்கும் துத்தநாக பாஸ்பைடு ஆட்டையும் கொல்லும். வரப்பில் களைக்கொல்லி அடித்திருந்தால் அந்தப் பக்கம் மேய்ச்சல் வேண்டாம். யூரியா கரைத்த வாளியோ கிழிந்த உரச்சாக்கோ கிடந்தால் முதலில் அதை அப்புறப்படுத்துங்கள். உப்புச் சுவைக்கு ஆடு அதை நக்கும், யூரியா கலந்த தண்ணீர் குடித்த ஆட்டைப் பிழைக்கவைப்பது கடினம். பக்கத்தில் வாழைத்தோட்டம், பயறு, காய்கறி எது நிற்கிறது, அது யாருடையது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வயல்காரரோடு பேசியது அடுத்த வயல்காரரைக் கட்டுப்படுத்தாது.

இடம் பார்ப்பதும் வலை கட்டுவதும்

கிடைக்கு வயல்வெளியில் உயரமான வயலைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து கீழ்நோக்கி நகருங்கள். பங்குனி, சித்திரையில் சாயங்காலம் திடீரென்று இடியோடு கோடைமழை வரும். தனித் தென்னை, தனிப் பனை, மின்கம்பம், கம்பிவேலி இவற்றின் அருகில் கிடை வேண்டாம். ஒற்றை மரத்தடியில் ஒண்டி நிற்கும் ஆடுகள் ஒரே இடியில் கூட்டமாகச் செத்துப்போவது உண்டு. காற்றும் பார்க்க வேண்டும். கணவாய்க் காற்று முப்பந்தல் காற்றாலைகளை ஓட்டுகிற காற்று. பலமாக அடிக்கும் நாளில் குட்டிகளை வைத்திருக்கும் குடாப்புக்கு மேற்கே ஒரு தட்டியாவது சாத்துங்கள்.

வலைக்குள் பெரிய ஆட்டுக்குச் சுமார் 10 சதுர அடி வேண்டும். 300 ஆடு என்றால் 3,000 சதுர அடி, ஏறக்குறைய 7 சென்ட். தினமும் வலையை ஒரு தடவை நகர்த்தினால் ஒரு ஏக்கருக்குப் பதினான்கு, பதினைந்து ராத்திரி ஆகும். இந்தக் கணக்கை முதல் நாளே வயல்காரரிடம் சொல்லிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது. நெருக்கி அடைத்தால் எரு கனமாக விழும். ஆனால் வெக்கையில் ஆடு இளைக்கும், குட்டி மிதிபடும். என் பார்வையில் நெருக்கடி வேண்டாம், ஒரு ராத்திரி கூடினாலும் பரவாயில்லை.

இங்கே வயல்காரர்களுக்கு ஒரு சொல். காய்ந்த ஆட்டெருவில் சுமார் 3 சதவீதம் தழைச்சத்து, 1 சதவீதம் மணிச்சத்து, 2 சதவீதம் சாம்பல்சத்து இருக்கிறது. மாட்டுத் தொழுவுரத்தைவிடச் செறிவு அதிகம். கிடையில் புழுக்கையோடு மூத்திரமும் நேராக மண்ணில் இறங்குவது பெரிய லாபம். ஆனால் அதில் உள்ள தழைச்சத்து வெயிலில் அம்மோனியாவாக ஆவியாகிப் பறந்துவிடும். எனவே கிடை நகர்ந்த இடத்தை மறுநாளோ அதற்கடுத்த நாளோ லேசாக உழுதுவிடுங்கள். கிடை மறித்து முடித்து ஒரு மாதம் வெயிலில் போட்டுவிட்டு, பிறகு உழுது பயிர் வளரவில்லை என்று ஆட்டுக்காரரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. கிடை போட்ட வயலுக்கு அடுத்த பூவில் யூரியாவையும் குறைக்கலாம். குறைக்காவிட்டால் பயிர் மதாளித்துச் சாய்ந்துவிடும்.

தண்ணீர்

வெயில் நாளில் ஓர் ஆட்டுக்கு நாலைந்து லிட்டர் என்று வையுங்கள். 300 ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 1,200 முதல் 1,500 லிட்டர். பம்புசெட்டுத் தண்ணீரைத் தொட்டியிலோ, தார்ப்பாய் விரித்த பள்ளத்திலோ நிரப்பிக் காட்டுங்கள். ஊரெல்லாம் குளமும் பழையாற்றுக் கால்களும் இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றும். கால்வாய் நின்ற பிறகு தேங்கும் குட்டைகளிலும் குளத்தங்கரைச் சேற்றிலும் உள்ள சிறு நத்தைகளில்தான் கல்லீரல் தட்டைப்புழு வளர்கிறது. நத்தையை விட்டு வெளியே வரும் புழுக்குஞ்சு கரைப் புல்லில் ஒட்டிக்கொள்ளும்; அந்தப் புல்லைத் தின்னும் ஆட்டின் ஈரலுக்குப் போய்விடும். வறண்ட நாட்டிலிருந்து வந்த ஆட்டுக்கு இது பழக்கமில்லாத எதிரி. நோயும் இங்கே தெரியாது. இரண்டு, மூன்று மாதம் கழித்து, நீங்கள் ஊர் திரும்பிய பிறகு, தாடைக்குக் கீழே வீக்கமும் வெளிறிய கண்ணுமாகத் தெரியும். அதனால் கரைப் புல்லில் மேய்க்காதீர்கள். ஊருக்குப் போனபின் இன்னொரு தடவை புழுக்கைப் பரிசோதனை செய்து, தட்டைப்புழுவுக்கென்றே மருந்து கேளுங்கள். எல்லாக் குடற்புழு மருந்தும் இதைக் கொல்லாது.

பகல் மேய்ச்சல்

பனி காய்ந்த பிறகு கிடையைத் திறந்துவிடுங்கள். முதல் நான்கு நாள் மிகவும் முக்கியம். இயந்திரம் அறுத்த வயலில் நெல்மணி நிறையச் சிந்திக் கிடக்கும். பசித்த மந்தை அதில் இறங்கினால் வயிற்றில் அமிலம் ஏறி, ஆடு அசைபோடாமல் படுத்துவிடும். துள்ளுமாரியும் அப்போதுதான் தலைகாட்டும். வைக்கோலோ காய்ந்த புல்லோ தின்னக் கொடுத்துவிட்டு, முதல் நாள் அரை மணி நேரம், மறுநாள் ஒரு மணி நேரம் என்று நெல் சிந்திய வயலில் மெதுவாகப் பழக்குங்கள். வயிறு ஊதி, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும் ஆட்டைக் கண்டால் தனியாகப் பிரித்து மருத்துவரை அழையுங்கள். கால்நடை ஆம்புலன்சுக்கு எண் 1962; புறப்படும் முன்பே செல்போனில் பதிந்து வையுங்கள்.

மரச்சீனித் தோட்டம் எங்கெங்கே இருக்கிறது என்று முதல் நாளே நடந்து பாருங்கள். இலையிலும் தண்டிலும் தோலிலும் சயனைடு இருக்கிறது. அறுவடை செய்து வரப்பில் போட்ட தழையை ஆடு ஆசையாகத் தின்னும். தின்ற சிறிது நேரத்தில் மூச்சு வாங்கித் தள்ளாடி விழும். மருத்துவர் நரம்பில் போடும் சோடியம் தயோசல்ஃபேட் ஊசி காப்பாற்றும், ஆனால் நேரம் மிகக் குறைவு. வழியில் மரச்சீனி இருந்தால் அந்த வழியே வேண்டாம், சுற்றிப் போங்கள். தண்ணீர் கிடைக்காமல் வாடிய இளஞ்சோளத்திலும் இதே விஷம் உண்டு.

ஈரத்தில் நடந்து குளம்பிடுக்கு அழுகினால் 10 சதவீத ஜிங்க் சல்பேட் கரைசலில் காலை நனைத்து நடத்துங்கள். மயில்துத்தம் பலரும் பயன்படுத்துகிறார்கள். அதில் உள்ள செம்புச்சத்து செம்மறிக்கு எளிதில் விஷமாகும் என்பதால், அந்தத் தண்ணீரை ஆடு குடித்துவிடக் கூடாது.

ராத்திரி

நாஞ்சில் வயலில் எலி அதிகம், எலிக்குப் பின்னால் பாம்பும் அதிகம். கட்டுவிரியன் தூங்குகிறவர்களைக் கடிக்கிற பாம்பு. கடிவாய் பல நேரம் வலிக்காது, வீங்காது. தரையில் படுக்காதீர்கள். ஒரு மடக்குக் கட்டிலும் ஓரம் சொருகிய கொசுவலையும் உயிரைக் காக்கும். டார்ச் இல்லாமல் வலையைச் சுற்றி வராதீர்கள். கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம். 108-ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வலி இல்லை, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுவதுதான் ஆளைக் கொல்கிறது.

ஆட்டுக்கு ராத்திரி எதிரி பெரும்பாலும் தெருநாய். குட்டி அடைத்த குடாப்பைத்தான் முதலில் மோப்பம் பிடிக்கும். இருவராக இருந்து முறைவைத்து விழித்திருங்கள், வலையின் அடிப்பக்கத்தை முளைக்குச்சி அடித்து இறுக்குங்கள். பூதப்பாண்டிக்கு வடக்கே மலையடிவாரத்தில் கிடை என்றால் சிறுத்தையும் வரலாம். காப்புக்காட்டுக்குள் மந்தையை ஓட்டுவது சட்டப்படி குற்றம் என்பதோடு ஆட்டுக்கும் ஆபத்து.

கிளம்பும்போது

கன்னிப்பூவுக்கு நாற்றங்கால் போடும் பேச்சு தொடங்கியதும் மூட்டை கட்டிவிடுங்கள். செத்த ஆட்டைக் கால்வாயில் வீசாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்திருக்க வேண்டும். மருந்துப் புட்டி, ஊசி, பாலித்தீன் எதுவும் வயலில் கிடக்கக் கூடாது.

வயல்கள் வீட்டுமனைகளாகிக்கொண்டிருக்கும் மாவட்டம் இது. கிடை மறிக்க இடம் குறைந்துவருகிறது. வயல் வைத்திருக்கிறவர்களே, மந்தை வந்து நின்றால் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் கொடுங்கள், மருந்தடித்த இடத்தை மறைக்காமல் சொல்லுங்கள், பேசிய கூலியைக் கிளம்பும் நாளிலேயே கொடுத்தனுப்புங்கள்.