வெட்டும் முன் காதைப் பார்

அன்புள்ள தம்பி,

செஞ்சியில் எலிக்கூண்டு வைக்கப்போவதாக எழுதியிருந்தாய். ஆஸ்திரேலியப் பைப்பாலூட்டிகளைப் படிக்க ஆசைப்பட்டுக் கடைசியில் பெருச்சாளியில் வந்து நிற்கிறேனே என்ற வருத்தமும் தெரிந்தது. அங்கே ‘பாண்டிகூட்’ என்கிறார்களே, அந்தப் பைப்பாலூட்டிக்குப் பெயரே நம் பெருச்சாளி கொடுத்ததுதான். தெலுங்கில் பந்திகொக்கு, பன்றியெலி. தெலுங்கு பேசிய நாயக்கர்கள் ஆண்ட செஞ்சிக்கு இதை எழுதுவதில் எனக்கொரு அற்பப் பெருமை.

ராஜகிரிக் கோட்டைமலையைப் பார்த்து மயங்கி மேலே ஏறாதே. அடிவாரத்து வரப்பும் கடலைக் கொல்லையும் முட்புதர் ஓரமும் போதும். இருளர் பெரியவர் ஒருவரைத் துணைக்குக் கூப்பிடு. எது குடியிருக்கும் வளை, எது கைவிட்டது என்று புதுமண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவார். கூலியும் கொடு, ஆய்வேட்டில் பெயரும் போடு.

எலிக்கொரு வெள்ளைத் துணிப்பை. முதல் வருடம் நான் இரண்டை ஒரே பையில் போட்டு, தெள்ளுப்பூச்சிகள் கலந்துபோய், அன்றைய பதிவு முழுவதையும் அடித்தேன்.

மரபணுவுக்குக் காதோரம் துளி வெட்டச் சொல்லித் தந்திருப்பார்கள். வெட்டும் முன் டார்ச் அடித்துக் காதுக்குள் பார். மஞ்சளும் குங்குமமும் கலந்த பொடி ஒட்டியதுபோல் இருக்கும். லென்ஸில் ஆறு கால் தெரியும். சிற்றுண்ணிக் குஞ்சுகள். இவற்றில் சில இனங்கள்தான் உண்ணிக்காய்ச்சலைப் பரப்புகின்றன. நாய்மேல் ஊரும் உண்ணி வேறு. சிற்றுண்ணி இந்தக் குஞ்சுப் பருவத்தில் மட்டும், அநேகமாக ஒரே ஒரு தடவை, விலங்கின்மேல் ஏறித் தின்றுவிட்டு மண்ணுக்கு இறங்கிவிடும். காய்ச்சல் கிருமியும் பெரும்பாலும் தாய்ச் சிற்றுண்ணியிடமிருந்து முட்டை வழியே வந்தது, இந்த எலி கொடுத்ததல்ல. ஆகவே காது காட்டிக்கொடுப்பது, எலி இரண்டு மூன்று நாளாகப் புரண்ட மண்ணை. எந்த வரப்பு, என்ன புதர், மழை விட்டு எத்தனை நாள் என்று எழுதாமல், வெட்டிய காதுத் துளி கிடக்கும் ஆல்கஹால் குப்பியை மட்டும் கொண்டுவந்தால், அதிலிருந்து எலிகளின் சொந்தபந்தம் தெரியும். காய்ச்சல் வரும் இடம் தெரியாது.

நீ ஆசைப்பட்ட பைப்பாலூட்டிகளிலும் கண் பார்த்ததுதான் முதலில், ஆய்வகம் பிறகு. டாஸ்மேனியன் டெவிலின் முகக்கட்டி 1996-ல் முதலில் புகைப்படத்தில்தான் சிக்கியது. அது கடித்துத் தொற்றும் புற்றுநோய் என்று குரோமோசோம்களை வைத்துச் சொன்னது 2006-ல்.

பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள். பத்து நாளில் காய்ச்சல் வந்தால் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் பீடி சுட்டாற்போல் கறுத்த பொருக்கு இருக்கிறதா பார். எலி பிடித்த கதையை டாக்டரிடம் நீயே முதலில் சொல்லிவிடு, அவராகக் கேட்கமாட்டார்.

கார்த்திகை மழை விட்டதும் ஒரு வாரம் வருகிறேன். கூண்டுக்குக் கருவாடு வாங்கிச் சுட்டு வை.

அன்புடன்,
அண்ணன்