உப்புக்குக் கீழே ஒளிந்திருக்கும் எண்ணெய்

கேள்வி: எண்ணெய் இருக்கிறதா என்பது கிணறு தோண்டினால்தானே தெரியும்? கடலடியைப் படமெடுக்க ஏன் இவ்வளவு செலவு?

பதில்: ஆழ்கடலில் ஒரு கிணற்றுக்கே 10 கோடி டாலருக்கு மேல் ஆவதுண்டு. இடம் தவறினால் அத்தனையும் போச்சு. அதனால் படத்துக்கான செலவை வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

மெக்சிகோ வளைகுடாவின் அட்லாண்டிஸ் வயலைப் பாருங்கள். கடலின் ஆழமே சுமார் 2,100 மீட்டர். வயலின் ஒரு பகுதியைத் தடித்த உப்புப் படலம் மூடியிருக்கிறது. படமெடுக்க அனுப்பும் ஒலியலை உப்பில் விநாடிக்குச் சுமார் 4,500 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. சுற்றியுள்ள படிவப் பாறைகளில் அவ்வளவு வேகம் இல்லை. அதனால் அலை திசைமாறி, தண்ணீர்க் குவளைக்குள் கரண்டி வளைந்து தெரிவதுபோல், கீழேயுள்ள அடுக்குகள் இடம் மாறித் தெரிகின்றன. பல ஆண்டுகள் அங்கே மங்கல்தான்.

பிறகு, பதிவான அலையின் முழு வடிவத்தோடும் ஒத்துப்போகும்வரை பாறை மாதிரியைக் கணினியில் திருத்திக்கொண்டே போகும் முறை வந்தது. அதைக்கொண்டு 20 கோடி பீப்பாய்க்கு மேற்பட்ட கூடுதல் வளம் தெரியவந்ததாக 2017இல் பிபி எண்ணெய் நிறுவனம் அறிவித்தது. 2019இல் 130 கோடி டாலர் விரிவாக்கத்துக்கும் ஒப்புதல் தந்தது. எட்டுப் புதிய கிணறுகள். அவற்றை அங்கே ஏற்கெனவே இருந்த உற்பத்தி மேடையோடே இணைத்தார்கள். புது மேடை கட்டும் செலவு மிச்சம்!

ஆனாலும் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது: படம் எவ்வளவு தெளிந்தாலும், எண்ணெயை உறுதிசெய்வது கிணறுதான்.